நேத்து நடந்தத ஸ்பானிஷ்ல சொல்லுறது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஸ்பானிஷ் இறந்தகாலத்தப் பத்திதான். ஆகஸ்ட் லீவுக்கு ஸ்பெயின்காரங்க நம்ம இலங்கை மலையகத்துல எல்ல, நுவரெலியா பக்கம் வந்து இறங்குறதால நம்ம கைட் தம்பிமாரு, ஹோம் ஸ்டே நடத்துறவங்க, த்ரீவீல் ஓட்டுறவங்க எல்லாம் நிகழ்காலத்த எப்படியோ சமாளிச்சுட்டாங்க, நேத்து என்ன நடந்துச்சுன்னு சொல்லப் போனாத்தான் நாக்கு ஒட்டிக்குது. அதனால இந்தத் தடவ முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

பதிலுக்கு முன்னால ஒண்ணு. ஸ்பானிஷ் சொல்ல தமிழ் எழுத்துல எழுதும்போது எந்த இடத்துல அழுத்தணுமோ அங்க நெடில் போட்டிருக்கேன், அழுத்தம் இல்லாத இடத்துல குறில். ஸ்பானிஷ்ல நம்மளப் போல குறில் நெடில் கெடையாது, அழுத்தம் மட்டும்தான், ஆனா நம்ம வாய்க்கு இதுதான் லேசா வரும். நம்ம எழுத்துல ப-வுக்கும் க-வுக்கும் ரெண்டு சத்தம் இருக்கிறதால, எது எந்தச் சத்தம்னு ஒரு ஓடியோவுல கேட்டு சரிபாத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, நான் எல்லயில த்ரீவீல் ஓட்டுறேன். கண்டியில இருந்து வார ரயில் பிந்தி வந்துச்சுன்னு ஒரு ஸ்பெயின் குடும்பத்துக்கிட்ட சொல்லணும், 'யேகொ தார்தெ'ன்னு சொன்னேன். அவங்க 'இல்லையே, நீங்க நேரத்துக்குத்தானே வந்தீங்க'ன்னு எனக்கு சமாதானம் சொல்லுறாங்க. எங்க பிழைச்சது?

பதில்: தம்பி, சொல்லு சரி, அழுத்தம்தான் எடம் மாறிருச்சு. 'யேகொ'ன்னா 'நான் வாறேன்', அதாவது 'நான் லேட்'. 'யெகோ'ன்னா 'வந்துச்சு, வந்தாரு'. அவ்வளவுதான் வித்தியாசம், கடைசி ஓ-வ அழுத்துனா நேத்து, முதல் யே-வ அழுத்துனா இன்னைக்கு. அதுவும் ஆள் வேற மாறிப் போகுது பாருங்க, ஒண்ணு நான், மத்தது அவரு இல்லன்னா அது. அதனாலதான் ரயில் லேட்டுன்னு நீங்க சொன்னது அவங்க காதுல நீங்க லேட்டுன்னு விழுந்திருக்கு. 'எல் த்ரென் யெகோ தார்தெ', கடைசியில நல்லா அழுத்திச் சொல்லுங்க.

இது ஒரு சொல்லோட பிரச்சினை இல்ல. 'ஆர்'னு முடியிற ஒழுங்கான வினைச்சொல் எல்லாத்துலயும் இந்தக் கண்ணி இருக்கு: ஆப்லொ (நான் பேசுறேன்), அப்லோ (அவரு பேசினாரு). தோமொ (நான் குடிக்கிறேன்), தொமோ (அவரு குடிச்சாரு). எழுதும்போது கடைசி ஓ-வுக்கு மேல ஒரு சின்னக் கோடு வரும், வட்ஸ்அப்ல ஸ்பெயின்காரங்களே சில நேரம் அத விட்டுருவாங்க, ஆனா பேசும்போது யாரும் விடுறதில்ல. நீங்களும் எழுத்துல விட்டாலும் பரவாயில்ல, வாயில விட்டுராதீங்க.

கேள்வி: ஹட்டன்ல இருந்து எழுதுறேன் அக்கா. ஒன்லைன்ல ஸ்பானிஷ் படிக்கிறேன். இறந்தகாலத்துக்கு ஒரு பெரிய அட்டவணை குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. ராத்திரி பாடமாக்குறது காலையில மறந்துருது. குறுக்கு வழி இருக்கா?

பதில்: அட்டவணை நீங்க நெனைக்கிற அளவுக்குப் பெருசு இல்ல தங்கச்சி. ஒழுங்கான வினைச்சொல்லுக்கு ரெண்டே ரெண்டு வரிசைதான். 'ஆர்' முடிவுக்கு ஒண்ணு, 'ஏர்', 'ஈர்' ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு.

தொமார் (குடிக்க, எடுக்க) எடுத்துக்குவோம்: தொமே நான், தொமாஸ்தெ நீ, தொமோ அவரு அல்லது அவங்க ஒருத்தர், தொமாமொஸ் நாங்க, தொமாஸ்தெய்ஸ் நீங்க எல்லாரும், தொமாரொன் அவங்க எல்லாரும். இப்ப கொமேர் (சாப்புட): கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன். ஸுபீர் (ஏற) அதே மாதிரிதான், ஸுபீ, ஸுபீஸ்தெ, ஸுபியோ. முடிஞ்சுது.

இதுல ஒரு மனுசிக்கு உண்மையில பாடமா இருக்க வேண்டியது அஞ்சுதான்: நான், நீ, அவரு, நீங்க எல்லாரும், அவங்க. ஏன்னா 'நாங்க' வடிவம் 'ஆர்'லயும் 'ஈர்'லயும் நிகழ்காலத்துல என்னவோ அதேதான். தொமாமொஸ்னா குடிக்கிறோம், தொமாமொஸ்னா குடிச்சோம். ஸுபீமொஸ்னா ஏறுறோம், ஏறினோம். 'ஏர்'ல மட்டும் மாறும், கொமேமொஸ் சாப்புடுறோம், கொமீமொஸ் சாப்புட்டோம். கொழப்பமா இருக்காதான்னு கேப்பீங்க, பக்கத்துல அயேர் (நேத்து) இருந்தா நேத்து, இல்லன்னா பேச்சுப் போற போக்குல தெரிஞ்சுரும்.

அதோட நமக்கு ஒரு சலுகை இருக்கு, இத யாரும் சொல்லித் தர்றதில்ல. இங்கிலீஷ் பேசுறவங்களுக்கு வினைச்சொல்லோட வால்ல ஆள் ஒட்டிக்கிறது புதுசு, அவங்க அதுக்கே ஒரு வருசம் மல்லுக்கட்டுவாங்க. நமக்கு வந்தேன், வந்தாய், வந்தோம்னு பொறந்ததுல இருந்து இருக்கு, 'நான்'னு சொல்லாமலே 'வந்தேன்'னு சொல்லிட்டுப் போறோம். ஸ்பானிஷ்லயும் அப்படித்தான், தொமேன்னு சொன்னாலே போதும், 'யோ'ன்னு முன்னால சேக்கத் தேவையில்ல, ஒவ்வொரு வசனத்துலயும் யோ யோன்னு சேத்தா 'நான்தான், நான்தான்'னு பீத்திக்கிற மாதிரி கேக்கும். நம்மளவிட அவங்களுக்கு ஒண்ணு லேசு, வந்தான் வந்தாள்னு ஆண் பெண் பிரிக்கத் தேவையில்ல, ரெண்டுக்கும் தொமோதான்.

ராத்திரி பாடமாக்காதீங்க, ராத்திரி அன்னைக்குக் கதைய சொல்லுங்க. படுக்கப் போறதுக்கு முன்னால ஒரு அஞ்சு வரி: எந்திரிச்சேன், பிளேன்டீ குடிச்சேன், பஸ் ஏறினேன், கிளாஸுக்குப் போனேன், சோறு சாப்புட்டேன். அட்டவணை தானா வரும்.

கேள்வி: நான் பாக்குற ஆப்ல அந்த 'ஆஸ்தெய்ஸ், ஈஸ்தெய்ஸ்' வடிவம் வரவே இல்லையே, அத விட்டுறலாமா? (நுவரெலியா, ஹோட்டல்ல வேல செய்யிற வாசகர்)

பதில்: விடக் கூடாது. உங்க ஆப் லத்தீன் அமெரிக்கா ஸ்பானிஷ் சொல்லித் தருது, அங்க அந்த வடிவம் பேச்சுல இல்ல, நண்பர்களா இருந்தாலும் பெரியவங்களா இருந்தாலும் நிறைய ஆளுன்னா 'தொமாரொன்' வடிவம்தான். ஸ்பெயின்ல அப்படி இல்ல. அங்க இருந்து வார ஒரு குடும்பத்துக்கிட்ட 'காலையில சாப்புட்டீங்களா'ன்னு கேக்கணும்னா 'தெஸயுனாஸ்தெய்ஸ்?', ஹோட்டன் சமவெளியில இருக்கிற 'உலக முடிவு வரைக்கும் போனீங்களா'ன்னா 'ஃபுயீஸ்தெய்ஸ் அல் ஃபின் தெல் மூந்தொ?' கூட்டம் கூட்டமா வர்ற ஆக்களுக்கு சாப்பாடு வைக்கிற உங்களுக்கு இது தெனமும் வேணும். மெக்சிகோக்காரர் வந்தா மத்தத சொல்லுங்க, ரெண்டும் அவங்களுக்கு விளங்கும்.

கேள்வி: அக்கா, 'ஃபுயி'ன்னா 'போனேன்'னு ஒரு புத்தகம் சொல்லுது, 'இருந்தேன்'னு இன்னொரு பக்கத்துல இருக்கு. அச்சுப் பிழையா? கண்டியில வாங்கின பழைய புத்தகத்துல அதுக்கு மேல கோடும் போட்டிருக்கு. (பண்டாரவளை வாசகி)

பதில்: அச்சுப் பிழை இல்ல, ரெண்டும் சரி. ஸேர் (இருக்க, ஆக) என்கிற வினைக்கும் ஈர் (போக) என்கிற வினைக்கும் இந்த இறந்தகாலத்துல ஒரே உடுப்பு: ஃபுயி, ஃபுயீஸ்தெ, ஃபுவே, ஃபுயீமொஸ், ஃபுயீஸ்தெய்ஸ், ஃபுவேரொன். லத்தீன்ல 'இருந்தேன்'னு சொல்லத்தான் அந்தச் சொல் இருந்துச்சு, 'போக' என்கிற வினை சொந்தமா வச்சிருந்தத தொலைச்சுட்டு பக்கத்து வீட்டுல வாங்கின மாதிரி இத எடுத்துக்கிச்சு. நிகழ்காலத்துக்கு அது இன்னொரு வினைகிட்ட கடன் வாங்கியிருக்கு, வோய், பாஸ், பான்னு வர்றதெல்லாம் அதுதான். நம்ம 'வா' என்கிற சொல் வந்தேன், வாறேன், வருவேன்னு ஒரு குடும்பமாவது மாதிரி தெரியுது, இவங்களோடது மூணு குடும்பம் ஒரே லயத்துக் காம்பராவுல (தோட்டத்து வரிசை வீட்டு அறையில) இருக்கு.

கொழம்புமான்னு கேட்டா, நெசமாவே கொழம்புறதில்ல. பின்னால 'அ' வந்து ஊரு பேரு வந்தா போனது: 'ஃபுயி அ பதுல', பதுளைக்குப் போனேன். இல்லன்னா இருந்தது, ஆனது: 'எல் பியாஹெ ஃபுவே லார்கொ', பயணம் நீளமா இருந்துச்சு.

கோடு விசயம்: முன்னால ஃபுயி, ஃபுவே, தியோ (குடுத்தாரு), பியோ (பாத்தாரு) எல்லாத்துக்கும் மேல கோடு போடுவாங்க. 1959-ல ஸ்பானிஷ் மொழிக்கழகத்தோட புது எழுத்து விதி நடைமுறைக்கு வந்தப்ப அத எடுத்துட்டாங்க, ஒத்தை அசைச் சொல்லுக்கு அழுத்தம் காட்ட வேற எடமே இல்லையே. உங்க புத்தகம் அதுக்கு முந்தினது இல்லன்னா பழைய பழக்கத்துல அச்சடிச்சது. படிங்க, அந்தக் கோட மட்டும் காப்பி பண்ணாதீங்க.

கேள்வி: ஒழுங்கில்லாத வினைச்சொல் எத்தன இருக்கு? எதுல இருந்து தொடங்கணும்? (தலவாக்கலை)

பதில்: எத்தனன்னு கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தா தொடங்கவே மாட்டீங்க. ஒழுங்கானத முழுசா முடிச்சுட்டுத்தான் இதுக்கு வரணும்னு பாடப்புத்தகம் வரிசை போடும், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு மனுசன் நேத்தைய கதைய சொல்லும்போது அதிகமா வர்றது போனேன், வந்தேன், செஞ்சேன், சொன்னேன், பாத்தேன், இருந்தேன், குடுத்தேன்தான். ஸ்பானிஷ்ல அத்தனையும் ஒழுங்கில்லாதது! அப்ப இதத்தான் முதல்ல படிக்கணும்.

நல்ல செய்தி, ஒழுங்கில்லாததுக்குள்ளயும் ஒரு ஒழுங்கு இருக்கு. அடிச்சொல் மாறும், பின்னால ஒரே வால்: எ, ஈஸ்தெ, ஒ, ஈமொஸ், ஈஸ்தெய்ஸ், இயேரொன். தெனேர் (வச்சிருக்க) தூபெ ஆகும், எஸ்தார் (இருக்க) எஸ்தூபெ, பொதேர் (முடிய) பூதெ, பொனேர் (வைக்க) பூஸெ, ஸபேர் (தெரிய) ஸூபெ, இதெல்லாம் 'ஊ' கூட்டம். அஸேர் (செய்ய) ஈஸெ, கெரேர் (விரும்ப) கீஸெ, பெனீர் (வர) பீனெ, இது 'ஈ' கூட்டம். தெஸீர் (சொல்ல) தீஹெ, த்ரயேர் (கொண்டு வர) த்ராஹெ, இது 'ஹ' கூட்டம், இதுல மட்டும் கடைசி வால் 'இயேரொன்' இல்ல, 'ஏரொன்': திஹேரொன், த்ரஹேரொன். நம்மாளுங்க 'திஹியேரொன்'னு சொல்லுறத நிறையக் கேட்டிருக்கேன்.

கவனிச்சீங்களா, இந்தக் கூட்டத்துல அழுத்தம் கடைசியில இல்ல. தீஹெ நான் சொன்னேன், தீஹொ அவரு சொன்னாரு. எல்ல தம்பிக்கு மேல சொன்ன 'கடைசிய அழுத்து' விதி ஒழுங்கானதுக்கு மட்டும்தான். பீனெ வந்தேன், பீனொ வந்தாரு, வைனுக்கும் அதே பீனொதான், ஹோட்டல்ல வேல செய்யிறவங்க சிரிச்சுக்கிட்டே ஞாபகம் வச்சுக்குவாங்க. தார் (குடுக்க), பேர் (பாக்க) ரெண்டும் சின்னது: தி, தீஸ்தெ, தியோ, தியேரொன், பி, பீஸ்தெ, பியோ, பியேரொன்.

அந்தார் (நடக்க) அந்தூபென்னு வரணும், ஸ்பெயின்ல பொறந்து வளந்தவங்களே 'அந்தே'ன்னு பிழையா சொல்லிருவாங்க. ஆகவே ரொம்பக் கவலப்படாதீங்க, 'கமினே'ன்னு சொல்லிட்டுப் போங்க, அதுவும் நடந்தேன்தான்.

கேள்வி: மகள், நான் ஹப்புத்தளையில ஓய்வு பெற்ற ஆசிரியர். பேரன் லிப்டன் சீட் பக்கம் கைட் வேல செய்யிறான். நம்ம தோட்டத்துக் கதைய ஸ்பானிஷ்ல சொல்ல எழுதிக் கேட்டான். அவன் புத்தகத்துல 'ரொம்ப நாள் நடந்தது' என்றா இம்பெர்ஃபெக்ட், 'சட்டுன்னு முடிஞ்சது' என்றா ப்ரெடெரிட்டுன்னு இருக்கு. அவனோட பூட்டியம்மா நாப்பது வருசம் கொழுந்து எடுத்தாங்க. நாப்பது வருசம் சட்டுன்னு முடிஞ்ச விசயமா? ஆனா பேரனுக்கு வந்த ஸ்பெயின் பொண்ணு 'ரெகொஹியோ'ன்னு ப்ரெடெரிட்லதான் சொல்லணும்னு திருத்தியிருக்கு. எது சரி?

பதில்: அந்தப் பொண்ணு சரி சேர், புத்தகம்தான் அரைகுறையா சொல்லுது. நீளம் இங்க கணக்கே இல்ல. நாப்பது வருசம்னு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வச்சு மூட்டையா கட்டிட்டீங்கன்னா அது ப்ரெடெரிட் (இது வரைக்கும் மேல பாத்த தொமே, கொமீ எல்லாம் அதுதான்): 'மி பிஸபுவேல ரெகொஹியோ தே துராந்தெ குவரேந்த ஆன்யொஸ்'. நூறு வருசமா இருந்தாலும், எத்தனன்னு எண்ணிச் சொன்னா ப்ரெடெரிட்தான். மூட்டைய அவிழ்த்து உள்ள போயி, அந்த நாள்ல என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு, தெனமும் என்ன செய்வாங்கன்னு காட்டும்போதுதான் இம்பெர்ஃபெக்ட் என்கிற மத்த இறந்தகாலம் வரும்.

நமக்கு இத விளங்கிக்க வேற மொழி தேவையே இல்ல சேர். நீங்களே உங்க பாட்டியப் பத்தி சொல்லும்போது எப்படிச் சொல்லுவீங்க? 'விடியக்காலையிலயே எந்திரிப்பாங்க, கூடைய எடுத்துக்கிட்டு பெரட்டுக்குப் போவாங்க, மலைக்கு ஏறுவாங்க, மழையா இருந்தாலும் கொழுந்து எடுப்பாங்க.' எந்திரிப்பாங்க, போவாங்க, எடுப்பாங்க, இது எல்லாம் எதிர்கால வடிவம், ஆனா யாரும் நாளைக்குன்னு நெனைக்க மாட்டாங்க, பழைய காலத்துப் பழக்கம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த 'போவாங்க' வர்ற எடத்துல எல்லாம் ஸ்பானிஷ்ல இம்பெர்ஃபெக்ட்: ஸெ லெபந்தாப, ஈப, ஸுபீய, ரெகொஹீய. அதே மாதிரி 'மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு' என்கிற 'கிட்டு இருந்துச்சு'வும் இம்பெர்ஃபெக்ட்தான், யொபீய. 'ஒரு நாள் கங்காணியோட சண்ட போட்டாங்க', 'நாப்பது வருசம் எடுத்தாங்க', 'வேலய விட்டுட்டாங்க', இந்த 'டாங்க, ந்தாங்க' எல்லாம் ப்ரெடெரிட். பேரன்கிட்ட முதல்ல தமிழ்ல கதைய எழுதச் சொல்லுங்க, நம்ம லயத்துல பேசுற தமிழ்ல, இலக்கணத் தமிழ்ல இல்ல. வினைச்சொல்லுக்குக் கீழ கோடு போட்டா எது எங்க போகும்னு அவனே கண்டுபிடிச்சுருவான்.

ரெண்டும் ஒரே வசனத்துல வந்தா இன்னும் அழகு: 'யொபீய குவாந்தொ யெகோ எல் த்ரென்', மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ரயில் வந்துச்சு. மழை பின்னால நிக்குது, ரயில் முன்னால வந்து நிக்குது.

கதைக்கு நானும் கொஞ்சம் எழுதித் தாறேன், பேரன் மாத்திக்கட்டும். 1867-ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவுல தேயிலை நட்டாரு: ப்லந்தோ. 1869-ல கோப்பியில துரு நோய் கண்டு, பின்னால கோப்பிய அழிச்சுச்சு: தெஸ்த்ருயோ. லிப்டன் 1890-ல இலங்கைக்கு வந்து தோட்டங்கள வாங்கினாரு: யெகோ, கொம்ப்ரோ. இது வரைக்கும் எல்லாக் கைடும் சொல்லுறதுதான். துரைமாரு கதையோட நிறுத்தாம நம்ம கதையவும் சொல்லணும்னுதான் எனக்கு ஆச. எங்க ஆளுங்க இந்தியாவுல இருந்து வந்தாங்க: பினியேரொன் தெ ல ஈந்திய. தலைமன்னார் பக்கம் கரையேறி காட்டு வழியா மலைக்கு நடந்தாங்க: கமினாரொன். நிறையப் பேரு வழியிலயே செத்துப் போனாங்க: முரியேரொன். 1948-ல பிரஜாவுரிமையப் பறிகுடுத்தாங்க: பெர்தியேரொன். மிச்சமிருந்தவங்களுக்கும் குடுக்க 2003-ல சட்டம் வந்துச்சு. வருசம் சொல்லி நடந்தது, அதனால எல்லாம் ப்ரெடெரிட். அதுக்கு நடுவுல, லயத்துல எப்படி இருப்பாங்க, ஒரு காம்பராவுல எத்தன பேரு படுப்பாங்க, எப்ப எந்திரிப்பாங்கன்னு சொல்ல வரும்போது இம்பெர்ஃபெக்டுக்கு மாறணும். கேக்குறவங்க அந்த எடத்துலதான் கைய கன்னத்துல வச்சுக்கிட்டு கேப்பாங்க, வருசத்துக்கு இல்ல.

கேள்வி: 'முரியேரொன்'னு சொல்லும்போது அடிச்சொல் மாறுதேன்னு போன மாசமே நெனச்சேன், மொரீர்னா மொரியேரொன்தானே வரணும்? அதோட ஒன்பது வளைவுப் பாலம் கட்டினாங்கன்னு எழுதும்போது நடுவுல 'ய' வருது, எங்க இருந்து வந்துச்சு? (தெமோதர)

பதில்: சுருக்கமா சொல்லிர்றேன். 'ஈர்' முடிவு வினைகள்ல நிகழ்காலத்துல உயிர் மாறுற கூட்டம் ஒண்ணு இருக்குல்ல, அது இறந்தகாலத்துல அவரு, அவங்க ரெண்டுல மட்டும் லேசா மாறும்: மொரீ ஆனா முரியோ, முரியேரொன். தொர்மீ (தூங்கினேன்) ஆனா துர்மியோ. பெதீ (வேணும்னு கேட்டேன்) ஆனா பிதியோ. 'ஆர்', 'ஏர்' வினைகள்ல இந்த மாற்றம் இறந்தகாலத்துல வரவே வராது, பெர்தேர் நிகழ்காலத்துல பியேர்தொன்னு வளைஞ்சாலும் நேத்து பெர்தீதான்.

'ய' வர்றது ரெண்டு உயிரெழுத்து இடையில 'இ' மாட்டிக்கிறதால: லெயேர் (படிக்க) லெயோ, ஒயீர் (காதால கேக்க) ஒயோ, கொன்ஸ்த்ருயீர் (கட்ட) கொன்ஸ்த்ருயோ. உங்க பாலத்துக்கு 'லொ கொன்ஸ்த்ருயேரொன் என் 1921'. எழுத்துல மட்டும் மாறுற இன்னொரு கூட்டம்: 'நான் வந்தேன்' யெகேன்னு எழுதும்போது ஜீ-க்குப் பிறகு ஒரு யூ சேக்கணும், இல்லன்னா சத்தம் 'யெஹே' ஆயிரும். தேடினேன் புஸ்கே, அதுல சீ போயி கியூ-வும் யூ-வும் வரும். தொடங்கினேன் எம்பெஸே, அதுல ஸெட் போயி சீ வரும். மூணும் 'நான்'ல மட்டும்தான். பேசுறவங்களுக்கு இது ஒரு கவலையும் இல்ல, எழுதுறவங்களுக்கு மட்டும்.

கேள்வி: ஒரு மாட்ரிட் ஜோடி ராத்திரி சாப்பாட்டுல 'இன்னைக்கு மூணு அருவி பாத்தோம்'னு சொல்லும்போது 'பீமொஸ்'னு சொல்லல, 'எமொஸ் பீஸ்தொ'ன்னாங்க. அடுத்த நாள் வந்த ஆர்ஜென்டினாக்காரர் 'பீமொஸ்'தான் சொன்னாரு. யாரு பிழை? (ரம்பொடை, ஹோம் ஸ்டே நடத்தும் வாசகி)

பதில்: ரெண்டு பேரும் சரி. ஸ்பெயின்ல பெரும்பாலான எடங்கள்ல இன்னைக்கு, இந்தக் கிழமை, இந்த வருசம்னு இன்னும் முடியாத ஒரு நேரத்துக்குள்ள நடந்ததுக்கு 'எமொஸ் பீஸ்தொ' வகை. நேத்து, போன வருசம்னு கதவ மூடினதுக்கு 'பீமொஸ்'. ஸ்பெயினுக்குள்ளயே வடமேற்குல கலீஸியா, அஸ்தூரியாஸ், அப்புறம் கனேரித் தீவுகள் பக்கம் 'பீமொஸ்'தான் கூட. லத்தீன் அமெரிக்காவுல நிறைய எடத்துல இன்னைக்கு நடந்ததுக்கும் 'பீமொஸ்'. நீங்க எல்லா நேரமும் 'பீமொஸ்'னே சொல்லுங்க, ஒருத்தரும் முகஞ்சுளிக்க மாட்டாங்க. அவங்க சொல்லும்போது காதுக்குப் பழகினாப் போதும்.

கேள்வி: 'ஸபீய' – 'ஸூபெ' ரெண்டும் 'எனக்குத் தெரிஞ்சது'ன்னு இருக்கு. எப்ப எது? (ஹட்டன்)

பதில்: ஸபீய, 'எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு'. ஸூபெ, 'எனக்குத் தெரிய வந்துச்சு', அந்த நிமிசம். ரயில் இன்னைக்கு ஓடாதுன்னு ஸ்டேசன்ல போய்த்தான் தெரிஞ்சுதுன்னா ஸூபெ. இந்த மாதிரி ஒரு நாலஞ்சு வினை இருக்கு. கொனொஸீய, ஆள எனக்குப் பழக்கம். கொனொஸீ, அன்னைக்குத்தான் முதல் தடவ சந்திச்சேன். 'நோ பொதீய'ன்னா முடியாம இருந்துச்சு. 'நோ பூதெ'ன்னா முயற்சி பண்ணிப் பாத்தேன், முடியல. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது 'நோ கீஸொ'. வார்த்தைக்கு வார்த்த பாத்தா 'விரும்பல', ஆனா உண்மையில நம்ம 'மாட்டேன்னுட்டாரு'. டிரைவர கூப்புட்டோம், பனி மூட்டத்துல ஹோட்டன் சமவெளிக்கு ஏற மாட்டேன்னுட்டாரு, 'நோ கீஸொ ஸுபீர்'. மாட்டேன்னுட்டாருல இருக்கிற அந்த வெட்டு அப்படியே இதுல இருக்கு.

கேள்வி: வீடியோக்கள்ல சிலர் 'திஹீஸ்தெஸ்', 'ஃபுயீஸ்தெஸ்'னு கடைசியில ஒரு ஸ் சேத்துச் சொல்லுறாங்களே, அதுவும் சரியா அக்கா?

பதில்: பேச்சுல நிறையப் பேருக்கு வரும், 'நீ'க்கு மத்த எல்லாக் காலத்துலயும் கடைசியில ஸ் இருக்கிறதால இதுலயும் தானா ஒட்டிக்கிது. ஆனா எழுத்துல அது பிழை, பரீட்சையில மார்க்ஸ் போயிரும். கேட்டா விளங்கிக்கோங்க, நீங்க 'திஹீஸ்தெ', 'ஃபுயீஸ்தெ'ன்னே சொல்லுங்க. அடுத்த தடவ வினையோட 'லோ, லா, ஸெ' ஒட்டுறதப் பத்தி எழுதுறேன், அதுல கேள்வி இருக்கிறவங்க இப்பவே எழுதிப் போடுங்க.